பீராங்கனா: 1971ன் வங்கப் பெண்களும் அவர்களைப் பற்றிய பதிவுகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகளாக, 1971 வங்கதேசப் போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களின் வாக்குமூலங்களைப் படித்து வருகிறேன். அங்கங்கே தமிழில் பேசவும் செய்கிறேன். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு வருவதற்கு, ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. வன்முறையின் விவரிப்பு எதுவும் இதில் இருக்காது. ஏன் என்பது கீழே ஒரு பதிலுக்குள் வரும்.

1971ல் என்னதான் நடந்தது? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1970 டிசம்பர் தேர்தலில் கிழக்குப் பாகிஸ்தானின் (இன்றைய வங்கதேசம்) 162 பொது இடங்களில் 160ஐ ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் பிடித்தது. மொத்தப் பாகிஸ்தானுக்கும் அதுவே பெரும்பான்மை. ராணுவ ஆட்சி பதவியைக் கொடுக்கவில்லை. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் ராணுவ நடவடிக்கை தொடங்கியது. பல்கலைக்கழக விடுதிகள், காவலர் குடியிருப்பு, இந்துக்கள் வாழ்ந்த தெருக்கள் என்று ஆரம்பித்து நாடு முழுவதும் பரவியது. டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் ராணுவம் சரணடையும் வரை ஏறத்தாழ ஒன்பது மாதம். ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் அகதிகளாக வந்தார்கள்.

அந்த ஒன்பது மாதமும் பெண்கள் மீதான பாலியல் வன்முறை தொடர்ந்தது. வீட்டுக்குள் புகுந்து செய்தது ஒருவகை. முகாம்களில் பல நாள், பல மாதம் அடைத்து வைத்துச் செய்தது இன்னொரு வகை. ராணுவத்துக்கு ஊரும் தெரியாது, மொழியும் தெரியாது. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கைகாட்ட உள்ளூர் ஆட்கள் இருந்தார்கள். ராணுவத்துக்கு உதவிய ரசாக்கார், அல்-பதர், சமாதானக் கமிட்டி என்ற உள்ளூர் அமைப்புகளின் பெயர்கள் எந்த வாக்குமூலத்திலும் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

‘பீராங்கனா’ என்பது யாரைக் குறிக்கிறது?

நமக்குத் தெரிந்த சொல்தான். வங்காளியில் ‘வ’ ஒலி ‘ப’ ஆகும். பீராங்கனா என்றால் வீராங்கனை. நம் பத்திரிகைகளில் டென்னிஸ் ஆடும் பெண்ணுக்கும் கிரிக்கெட் ஆடும் பெண்ணுக்கும் போடுகிற அதே சொல்.

போர் முடிந்து ஆறே நாளில், 1971 டிசம்பர் 22 அன்று, போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் எல்லோரும் இனி பீராங்கனாக்கள் என்று புதிய அரசு அறிவித்தது. பின்னர் முஜிபும் அந்தச் சொல்லை மேடைகளில் பரப்பினார். ஒரு அரசு இந்தப் பெண்களை மறைக்காமல், பட்டம் கொடுத்து முன்னே அழைத்தது உலகில் அபூர்வமான காரியம். நோக்கத்தில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஊர் வேறு கணக்குப் போட்டது. வங்காளியில் ‘பாராங்கனா’ என்று இன்னொரு சொல் உண்டு. நம் பழைய அகராதிகளிலும் இருக்கும் வாராங்கனைதான் அது. விலைமகள் என்று அர்த்தம். ஒரே ஒரு நெடில் எழுத்தை மாற்றினால் போதும், பட்டம் வசவாகிவிடும். கேலி செய்ய நினைத்தவர்களுக்கு அது கையில் கிடைத்த கல். வீராங்கனை என்ற பெயர் யாருக்கு ஒட்டியதோ அவளுக்கு என்ன நேர்ந்தது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். கௌரவிக்க வைத்த பெயரே அடையாளக் குறியாகிப் போனது.

எத்தனை பெண்கள்? 2 லட்சமா, 4 லட்சமா?

வங்கதேச அரசு சொல்லி வருவது 2 லட்சம். 4 லட்சம் வரை சொல்பவர்களும் உண்டு. வீடுவீடாக எண்ணிய கணக்கு எதுவும் இல்லை, இவை மதிப்பீடுகள்.

மறுபக்கம் பாகிஸ்தானின் ஹமூதுர் ரஹ்மான் ஆணையம். தோல்விக்குக் காரணம் என்ன என்று விசாரிக்க அவர்களே போட்ட ஆணையம் அது. 2 லட்சம் என்பது பொய் என்று எழுதிய அந்த அறிக்கை காட்டிய ஆதாரம் இது: 1972 தொடக்கத்தில் பிரிட்டனிலிருந்து வந்த கருக்கலைப்புக் குழுவுக்கு நூறு சொச்சம் பேர்தான் வந்தார்களாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வன்முறைக்கு ஆளான எல்லோரும் கருத்தரிப்பதில்லை. கருத்தரித்தவர்களில் பலர் அந்தக் குழு வருவதற்கு முன்பே ஊர் மருத்துவச்சியிடம் போயிருப்பார்கள். சிலர் செத்துப்போனார்கள், சிலர் பெற்றெடுத்தார்கள், பலர் எல்லை தாண்டிப் போனார்கள். டாக்காவில் இருந்த ஒரு குழுவின் வரிசையை வைத்து நாட்டுக்கே கணக்குப் போடுவது, ஒரு ரேஷன் கடை வரிசையை வைத்து மக்கள்தொகை சொல்வது போல.

அதே அறிக்கையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. கிழக்குப் பாகிஸ்தான் படையின் தளபதி நியாசியே பெண்களை வன்புணர்பவர் என்னும்போது தங்களை யார் தடுப்பது என்று சிப்பாய்கள் பேசிக்கொண்டதாக அவர்களுடைய அதிகாரி ஒருவரே சாட்சி சொல்லியிருக்கிறார். எண்ணிக்கையை மறுத்த கையோடு சம்பவத்தை ஒப்புக்கொண்ட ஆவணம் என்று அதைச் சொல்லலாம். பல ஆண்டுகள் பூட்டி வைக்கப்பட்டு, 2000ல்தான் அது வெளியே கசிந்தது.

என்னைக் கேட்டால், எண்ணை வைத்து அடித்துக்கொள்வதில் இரண்டு தரப்புக்கும் ஒரு சௌகரியம் இருக்கிறது. எந்தப் பெண்ணின் பேச்சையும் உட்கார்ந்து கேட்க வேண்டியதில்லை.

அந்தப் பெண்கள் ஏன் இவ்வளவு காலம் வாய் திறக்கவில்லை?

அதிகம் வரும் கேள்வி இது. கேள்வியே தப்பு என்பது என் கட்சி.

அவர்கள் பேசினார்கள். 1972ல் மறுவாழ்வு மையங்களில் பேசினார்கள். அந்தப் பத்தாண்டிலேயே அரசு ஆவணத் திட்டத்தின் ஆட்களிடம் பேசிக் கைநாட்டு வைத்தார்கள். கிராமத்தில் யாருக்கு என்ன நடந்தது என்பது மாமியாருக்குத் தெரியும், பக்கத்து வீட்டுக்குத் தெரியும், டீக்கடைக்கும் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருப்பது என்று ஓர் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்குள்தான் கணவனோடு குடும்பம் நடத்தினார்கள், பிள்ளை பெற்றார்கள், கூலிக்குப் போனார்கள். மௌனம் கலைந்தது என்று எழுதுகிற நாம் பெரும்பாலும் சொல்வது, அது நம் காதுக்கு வந்து சேர்ந்த தேதியைத்தான்.

இதைப் பல மாதங்கள் ஒரு கிராமத்தில் தங்கி ஆராய்ந்தவர் மானுடவியலாளர் நயனிகா முகர்ஜி. அவர் கவனித்த சொல் ஒன்று உண்டு: கோண்டா. ஒருத்தரின் பழைய விஷயத்தை நேரம் பார்த்து எடுத்துப் போட்டு நோகடிப்பது. தமிழில் அச்சாகக் ‘குத்திக்காட்டுவது’. குழாயடியில் சண்டை வந்தால், கடன் கேட்டால், பிள்ளைக்கு வரன் பார்த்தால், அந்த நேரத்தில் விழும் ஒரு வார்த்தை. இந்தப் பெண்கள் பயந்தது வரலாற்றுக்கு அல்ல, அந்த ஒரு வார்த்தைக்கு.

1992ல் குஷ்டியா பெண்களுக்கு நடந்தது என்ன?

1992 மார்ச் 26 அன்று டாக்காவின் சுஹ்ரவர்தி உத்யான் மைதானத்தில் ஒரு மக்கள் நீதிமன்றம் கூடியது. மகனைப் போரில் பறிகொடுத்த எழுத்தாளர் ஜஹானாரா இமாம் தலைமை. 1971ல் பாகிஸ்தான் ராணுவத்தோடு சேர்ந்து செயல்பட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட ஜமாத்-இ-இஸ்லாமி தலைவர் குலாம் ஆஸமை மக்கள் முன்னிலையில் அடையாளமாக விசாரித்தார்கள். அரசு எதுவும் செய்யாத காலத்தில் அது பெரிய துணிச்சல்.

சாட்சிகளாகக் குஷ்டியா மாவட்டத்திலிருந்து மூன்று ஏழைப் பெண்களை அழைத்து வந்தார்கள். கூட்டத்தில் எடுத்த படம் பத்திரிகைகளில் வந்தது. முகம் தெரிய, என்ன நடந்தது என்ற குறிப்போடு. தங்கள் படம் இப்படி நாடு முழுக்கப் போகும் என்று அந்தப் பெண்களுக்கு யாரும் புரியும்படி சொல்லியிருக்கவில்லை.

ஊர் திரும்பினார்கள். ஊருக்கு அது புதிய செய்தி அல்ல. இருபது வருடமாகத் தெரிந்ததுதான். ஆனால் பேசாமல் இருப்பது என்ற அந்த ஏற்பாடு உடைந்துவிட்டது. ‘காசுக்காகப் போய்ச் சொன்னாளுக’ என்ற பேச்சு வந்தது. குத்திக்காட்டுவது தினப்படி ஆனது. டாக்காவில் வாக்குக் கொடுத்த உதவிகளோ ஒழுங்காக வந்து சேரவில்லை. அப்புறம் பத்திரிகைக்காரர்கள், படமெடுப்பவர்கள், ஆய்வாளர்கள் என்று அதே மூன்று வீட்டு வாசலுக்கு வரிசையாக வந்தார்கள்.

அந்தக் கூட்டத்தை நடத்தியவர்கள் கெட்டவர்கள் இல்லை. பதிவு செய்வது என்ற வேலையின் ஆபத்து அதில்தான் இருக்கிறது. நல்லவர்கள், நல்ல காரியத்துக்காக, அவசரமாகச் செய்தது அது. குஷ்டியாவைப் படித்துவிட்டு டேப் ரெக்கார்டரைத் தொடுங்கள் என்று ஆய்வு மாணவர்களிடம் சொல்வது என் வழக்கம்.

மறுவாழ்வு மையங்களின் பதிவேடுகள் எங்கே?

பெரும்பாலும் இல்லை. 1972 பிப்ரவரியில் நீதிபதி கே.எம். சோபான் தலைமையில் மறுவாழ்வு வாரியம் அமைந்தது. சிகிச்சை, கருக்கலைப்பு, தையல், தட்டச்சுப் பயிற்சி, திருமணம் என்று பல வேலைகள். பெண்களின் பெயர் பிற்காலத்தில் யார் கையிலும் சிக்கக் கூடாது என்று அவர்களைப் பற்றிய பதிவேடுகளை அழித்துவிட்டதாக அப்போது பணியாற்றியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். 1975 ஆகஸ்ட் 15 அன்று முஜிப் கொல்லப்பட்ட பிறகு மையங்களும் மூடப்பட்டன.

வரலாற்றாசிரியர் தலையில் அடித்துக்கொள்ளும் விஷயம். ஆனால் 1973ல் கணவனிடம் சொல்லாமல் புது வாழ்க்கை தொடங்கிய ஒரு பெண்ணின் இடத்திலிருந்து பாருங்கள். அந்தத் தீயில் போனது அவளுக்கு ஆவணம் அல்ல, வெடிகுண்டு. நான் இரண்டு பக்கமும் ஊசலாடுகிறேன். இன்றைக்குக் கேட்டால் எரித்ததே சரி என்பேன்.

அப்படியானால் எஞ்சியிருப்பது என்ன?

டாக்கா பல்கலைக்கழகத்தில் வங்காளிப் பேராசிரியராக இருந்த நீலிமா இப்ராஹிம் மறுவாழ்வு வேலையில் நேரடியாக இருந்தவர். பாகிஸ்தான் போர்க்கைதிகளோடு சில பெண்கள் இந்தியா போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, முப்பது நாற்பது பேர் இருந்த அந்த இடத்துக்கே போய் அவர்களிடம் பேசிப் பார்த்தார். வீட்டுக்குப் போனால் இடமில்லை, எங்கே போனால் என்ன என்பது அவர்கள் பதில். அந்த அனுபவத்திலிருந்தும் பிறகு தேடிப்போய்ச் சந்தித்ததிலிருந்தும் ஏழு பெண்களின் கதையை 1990களில் ‘ஆமி பீராங்கனா போல்ச்சி’ என்று எழுதினார். நான் பீராங்கனா பேசுகிறேன் என்று பொருள். பெயர்கள் மாற்றப்பட்டவை. ‘நான்’ என்று பேசுவது அந்தப் பெண், பேனா நீலிமாவுடையது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

1980களில் ஹசன் ஹபீஸுர் ரஹ்மான் பதிப்பித்த அரசு ஆவணத் தொகுதிகளில் எட்டாவது, படுகொலைகள் பற்றிய சாட்சியங்கள். 2001ல் ‘ஆயின் ஓ சாலிஷ் கேந்திரா’ என்ற சட்ட உதவி அமைப்பு பெண்களின் வாய்மொழி வரலாற்றைப் புத்தகமாக்கியது. டாக்காவின் விடுதலைப் போர் அருங்காட்சியகம் 1996லிருந்து இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்பும் திட்டம் அதன் தனிச்சிறப்பு.

பிறகு சிற்பி ஃபெர்தௌசி பிரியபாஷிணி. 1999ல் தன் பெயரோடு, முகத்தோடு, தனக்கு நடந்ததைப் பொதுவில் சொன்ன நடுத்தர வர்க்கப் பெண். குல்னாவைச் சேர்ந்தவர். பட்டுப்போன கிளை, கரை ஒதுங்கிய வேர் என்று வேண்டாமென்று வீசியவற்றை எடுத்துச் சிற்பம் செய்தார். 2018ல் காலமானார். அவர் பேசியது பல பெண்களுக்கு வாசல் திறந்தது. ஆனால் அவருக்கு இருந்த நண்பர் வட்டமும் கலைஞர் என்ற பெயரும் குஷ்டியாவின் கூலிக்காரப் பெண்ணுக்குக் கிடையாது.

எழுதப் படிக்கத் தெரியாத பெண் இப்படி இலக்கணமாகப் பேசுவாளா? அந்த வாக்குமூலங்களை நம்பலாமா?

டாக்காவின் ராஜார்பாக் காவலர் குடியிருப்பில் துப்புரவு வேலை செய்த ஒரு பெண்ணின் வாக்குமூலம் எட்டாவது தொகுதியில் இருக்கிறது. அங்கே அடைத்து வைக்கப்பட்ட பெண்களைத் தினமும் பார்த்தவர் அவர். ஆராய்ச்சியாளர் சர்மிளா போஸ் அதைச் சந்தேகித்தார். மொழி படித்தவர் மொழியாக இருக்கிறது என்பது அவர் வைத்த காரணங்களில் ஒன்று.

கவனித்தது சரி. முடிவுக்கு வந்ததுதான் எனக்கு உடன்பாடில்லை. நம் ஊர் காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். ‘ஏட்டய்யா, நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தேனுங்க’ என்று ஒரு அம்மா சொல்வார். ஏட்டு எழுதுவது: ‘நான் மேற்படி விலாசத்தில் குடியிருந்துகொண்டு கூலி வேலை செய்து வருகிறேன். சம்பவத்தன்று நான் கால்நடைகளுக்கு…’ அந்த அம்மா ‘மேற்படி’ என்று வாழ்நாளில் சொல்லியிருக்க மாட்டார். அதற்காக மாட்டுக்குத் தண்ணி காட்டவில்லை என்று ஆகிவிடாது.

சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், நடுவில் ஒரு கை. வாக்குமூலம் என்றாலே அப்படித்தான். அந்தக் கை எங்கே அழுத்தியது, எதை விட்டது, உணர்ச்சியை எங்கே கூட்டியது என்று பார்ப்பது நம் வேலை. ஒப்பிட்டுப் பார்க்க ஒலிப்பதிவு கிடையாது என்பதுதான் இதில் உண்மையான இழப்பு. அதனால்தான் இன்று பதிவு செய்பவர்கள், அந்தப் பெண் சொன்னது சொன்னபடி, தயக்கம், இருமல், பேச்சை மாற்றியது உட்பட வைக்க வேண்டும் என்கிறேன்.

முடியால் முகத்தை மூடிய பெண்ணின் படம் யார் எடுத்தது?

புகைப்படக்காரர் நாயிப் உத்தின் அகமது. ஒரு பெண், விரிந்த கூந்தல் முன்பக்கம் விழுந்து முகத்தை முழுக்க மறைக்கிறது, வளையல் போட்ட இரண்டு கைகளும் முஷ்டியாக முகத்தின் மேல். கண் தெரியாது, வாய் தெரியாது. கண்காட்சிகளிலும் புத்தகங்களிலும் 1971 என்றாலே இதுதான் வருகிறது.

முகம் மறைந்திருப்பதால் கண்ணியமான படம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அந்த முஷ்டிகள்தான் கண்ணில் நிற்கின்றன. எதற்கு இறுக்கியிருக்கிறாள்? அழுகையா, கோபமா, படம் எடுக்காதே என்பதா? மூன்றாவதும் ஒரு பதில்தான் என்று நினைத்துவிட்டால், அட்டையில் போட அந்தப் படத்தை எடுக்கும் கை கொஞ்சம் தயங்கும்.

போர்க்குழந்தைகள் என்ன ஆனார்கள்?

1972ல் அரசு இரண்டு வழி வைத்தது. கருக்கலைப்பைத் தற்காலிகமாக அனுமதித்தது. ஆஸ்திரேலிய மருத்துவர் ஜெஃப்ரி டேவிஸ் போன்றவர்கள் வந்து வேலை செய்தார்கள். அந்த வன்முறையால் பிறந்த குழந்தைகளை வெளிநாட்டுக்குத் தத்துக் கொடுக்கத் தனி ஆணை போட்டது. டாக்காவில் அன்னை தெரசாவின் சபை குழந்தைகளை ஏற்றுப் பராமரித்தது. 1972 ஜூலையில் 15 குழந்தைகள் கனடா போய்ச் சேர்ந்தார்கள்.

அப்பா பெயர் கேட்டால் என் பெயரைப் போடுங்கள் என்று முஜிப் சொன்னதாக வங்கதேசத்தில் எல்லோரும் சொல்வார்கள். இந்தக் குழந்தைகளை வெளிநாட்டுக்கே அனுப்பிவிடுங்கள், அந்த ரத்தம் இங்கே வேண்டாம் என்ற பொருளில் அவர் தன்னிடம் சொன்னதாக நீலிமா இப்ராஹிம் எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே மனிதரைப் பற்றிய நினைவுகள். தாய்மார்களில் எத்தனை பேர் குழந்தையை வைத்துக்கொள்ள விரும்பினார்கள் என்று கேட்டு எழுதி வைத்தவர் யாருமில்லை.

யாராவது தண்டிக்கப்பட்டார்களா?

பாகிஸ்தான் ராணுவத்தினர் ஒருவர்கூட இல்லை. விசாரிக்கக் குறித்து வைத்த 195 போர்க்கைதிகளையும் 1974 ஏப்ரலில் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம் செய்த முத்தரப்பு ஒப்பந்தத்தில் பாகிஸ்தானுக்கே அனுப்பிவிட்டார்கள். 1973லேயே வங்கதேசம் போட்ட சட்டத்தில் மனித குலத்துக்கு எதிரான குற்றங்களின் பட்டியலில் பாலியல் வன்புணர்வு தெளிவாக இருந்தது. அந்தச் சட்டம் தூங்கி, 2010ல்தான் தீர்ப்பாயம் அமைந்தது. விசாரிக்கப்பட்டவர்கள் உள்ளூர் ஒத்துழைப்பாளர்கள்.

ஷேர்பூர் மாவட்டத்தில் சோஹாக்பூர் என்ற கிராமம். 1971 ஜூலை 25 அன்று ஆண்களைக் கொன்று குவித்ததால் ‘பிதோபா பள்ளி’, அதாவது விதவைகள் ஊர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அப்படி விசாரிக்கப்பட்ட ஜமாத் தலைவர் கமருஸ்ஸமானின் வழக்கில் அந்த ஊர்ப் பெண்கள் மூடிய அறையில் சாட்சி சொன்னார்கள். 2014 டிசம்பரில் இன்னொரு ஒத்துழைப்பாளரான சையத் கைசர் வழக்கின் தீர்ப்பு வந்தது. அதில் ஒரு போர்க்குழந்தையே வளர்ந்து வந்து சாட்சி சொல்லியிருந்தார்.

தீர்ப்பாயத்தின் நடைமுறை நியாயமானதா என்று உள்நாட்டிலும் வெளியிலும் கடுமையான கேள்விகள் எழுந்தன. மரண தண்டனைகள் சர்ச்சையைப் பெரிதாக்கின. அப்புறம் அரசியல் காற்று மாறியது. 2014ல் மரண தண்டனை பெற்ற ஜமாத் தலைவர் அசாருல் இஸ்லாமை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அவர் மீதான குற்றச்சாட்டுகளில் பாலியல் வன்முறையும் இருந்தது. சாட்சி சொன்ன பெண்களுக்கு வயது எழுபதுக்கு மேல். தீர்ப்பு வரும், தீர்ப்பு போகும். சொன்ன பெண் அதே ஊரில்தான் இருக்கிறாள்.

அரசு அங்கீகாரம், உதவித்தொகை கிடைக்கிறதா?

2015லிருந்து கிடைக்கிறது. பீராங்கனாக்களை விடுதலைப் போராளிகள் என்றே அரசிதழில் சேர்க்கத் தொடங்கினார்கள். முதல் பட்டியலில் நாற்பது சொச்சம் பேர். பிறகு நானூறைத் தாண்டியது. போராளிகளுக்கான மாதத் தொகை 20,000 டாகா (வங்கதேச நாணயம்) வரை உயர்ந்தது. கூலி வேலை செய்து முதுமை கண்ட பெண்ணுக்கு அது சின்னக் காசில்லை.

2 லட்சத்துக்கும் நானூறுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். பலர் இறந்துவிட்டார்கள். உயிரோடு இருப்பவர் விண்ணப்பிக்க வேண்டும், உள்ளூர்க் கமிட்டி சரிபார்க்க வேண்டும், சாட்சி வேண்டும். உள்ளூர்க் கமிட்டி என்றால் அதே ஊர் ஆட்கள். ஐம்பது ஆண்டு கழித்து, பேரன் பேத்தி எடுத்த பிறகு, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் மறுபடியும் முதலிலிருந்து. சிராஜ்கஞ்சில் சமூக சேவகர் சஃபினா லோஹானி போன்றவர்கள் பல ஆண்டுகளாகக் கூடவே இருந்து கைப்பிடித்து நடத்தியதால்தான் அங்கே பலர் கரையேறினார்கள்.

வங்காளி அல்லாத பெண்களுக்கு நடந்ததைப் பேசலாமா? பேசினால் இது நீர்த்துப் போகாதா?

பேச வேண்டும். உருது பேசும் பிஹாரிப் பெண்கள் போருக்கு முன்னும், சரணடைந்த பின்னும் வங்காளி ஆண்களால் தாக்கப்பட்டார்கள். வரலாற்றாசிரியர் யாஸ்மின் சைகியா இதை அந்தப் பெண்களிடமே கேட்டுப் பதிவு செய்திருக்கிறார். ராணுவம் ஒன்பது மாதம் நாடு முழுக்கச் செய்ததையும் இதையும் தராசில் வைத்துச் சமன் என்று சொல்ல முடியாது. யாராவது அப்படிச் சொன்னால் மறுப்பேன். ஆனால் ஒரு பெண்ணின் வாக்குமூலம் இன்னொருத்தியின் வாக்குமூலத்தை நீர்க்கச் செய்யும் என்ற பயம் எனக்குப் புரியவில்லை.

பாகிஸ்தான் மன்னிப்புக் கேட்டதா?

2002ல் டாக்கா வந்த அப்போதைய பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப் ‘அத்துமீறல்கள்’ குறித்து வருத்தம் தெரிவித்தார். அதற்கு முன்பே, 1996ல், பாகிஸ்தானின் பெண்கள் செயல் மன்றம் வங்கதேசப் பெண்களிடம் நேராக மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டது. பலருக்கும் தெரியாது என்பதால் சொல்கிறேன்.

நான் இப்படிப்பட்ட பெண்களின் கதையைப் பதிவு செய்ய விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?

முதலில், ஏற்கெனவே பதிவானதைப் படித்து முடியுங்கள். ஒரே பெண்ணிடம் இருபதாவது ஆளாகப் போய் அதே கேள்வியைக் கேட்பதற்கு இதுதான் காரணம்: முந்தைய பத்தொன்பதையும் யாரும் படிக்கவில்லை.

வன்முறை நடந்த அந்த நேரத்தை விவரிக்கச் சொல்லாதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள். வந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரு நாளையே கேட்பதால், இந்தப் பெண்களின் மீதி வாழ்க்கை முழுவதும் பதிவிலிருந்து விழுந்துவிட்டது. யார் சோறு போட்டார்கள், கணவன் என்ன சொன்னான், நிலம் எப்படிப் போனது, மகளைக் கட்டிக்கொடுத்தது எப்படி என்று கேட்டுப் பாருங்கள். போர் அதற்குள்ளேயே வரும்.

சம்மதம் என்பது ஒரு கையெழுத்து இல்லை. எங்கே வெளிவரும், மகன் கைபேசியில் பார்க்க முடியுமா, பிறகு வேண்டாமென்றால் எடுத்துவிட முடியுமா என்று புரியும் மொழியில் சொல்ல வேண்டும். மறுநாள் போய் மறுபடி கேட்க வேண்டும். ஊர்ப் பெயரையும் மாற்ற வேண்டியிருக்கலாம். முகர்ஜி தன் கிராமத்துக்கே மாற்றுப் பெயர்தான் வைத்தார். கூலியை விட்டுவிட்டு உங்களோடு உட்காருகிறவருக்கு அந்த நாள் கூலி என்னாவது என்பதையும் முன்கூட்டியே யோசித்துக்கொண்டு போங்கள். முடியாத உதவிக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். குஷ்டியாவில் அதிகம் புண்படுத்தியதில் அதுவும் ஒன்று.

முகர்ஜியும் ஓவியர் நஜ்முன்னஹார் கேயாவும் சேர்ந்து 2019ல் இந்த நெறிகளை ஒரு சித்திரக் கதையாகவே கொண்டுவந்தார்கள், வங்காளியிலும் கிடைக்கிறது. ஐ.எஸ். பிடியிலிருந்து தப்பிய இராக்கின் யாசிதிப் பெண் நாதியா முராத் பெயரால் 2022ல் வெளியான நெறிமுறையும் படிக்க வேண்டியது.

தமிழில் எழுதும்போது எந்தச் சொல்லைப் போடுவது?

‘கற்பழிப்பு’ வேண்டாம். அழிந்தது அவள் கற்பு என்று சொல்லும் சொல் அது. பாலியல் வன்முறை, வன்புணர்வு போதும். வங்காளியிலும் இதே தொல்லை. ‘2 லட்சம் தாய், சகோதரிகளின் மானத்தை விலையாகக் கொடுத்துப் பெற்ற சுதந்திரம்’ என்பது அங்கே மேடைக்கு மேடை ஒலிக்கும் வாசகம். அந்தப் பெண்கள் யாரும் எதையும் விலையாகக் கொடுக்கவில்லை, அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. மேடையில் நிற்பவருக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

இன்னொன்று. கிராமத்துப் பெண்கள் பலர் 1971ஐ விடுதலைப் போர் என்றே சொல்வதில்லை. ‘கொண்டகோல்’ என்பார்கள், குழப்பம், கலவரம் என்று அர்த்தம். கொண்டகோல் வருஷம் மூத்தவன் பிறந்தான், கொண்டகோலில் வீடு எரிந்தது என்று பேச்சு போகும். அதை மொழிபெயர்க்கும்போது அழகாக ‘விடுதலைப் போர்’ என்று திருத்திவிடாதீர்கள். ‘கலவர வருஷம்’ என்றே இருக்கட்டும்.